சேத்தாரா: நெத்திலியின் நாள்காட்டியைப் பார்த்துப் போகவேண்டிய ஊர்

கேள்வி இதுதான்: "இத்தாலியின் அமால்ஃபிக் கரைக்குப் போகிறோம். போஸிட்டானோ, அமால்ஃபி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இன்னமும் மீன்பிடித்தே வாழ்கிற ஊர் ஒன்றை ஒரு நாளாவது பார்க்கவேண்டும். எந்த ஊர், எந்த மாதம், அங்கே என்ன பார்ப்பது, என்ன வாங்குவது?"

ஊர் சேத்தாரா. சாலேர்னோ நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஏறக்குறைய 2,000 பேர் வாழும் சிறிய ஊர். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அமால்ஃபிக் கரைக்குள் இதுவும் அடங்கும் என்றாலும், சுற்றுலாப் பேருந்துகளில் பெரும்பாலானவை இதைக் கடந்து போய்விடும். பெயரே மீனிலிருந்து வந்தது என்பார்கள். சூரைமீன் பிடிக்கும் இடத்தைக் குறிக்கும் 'செத்தாரியா' என்ற லத்தீன் சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பெரிய மீன் அல்ல, நம் நெத்திலியின் உறவுக்காரனான 'அலிச்சி' என்ற சிறிய மீன். அதை உப்பில் அடுக்கிப் பல மாதம் வைத்து, சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கும் மீன்சாறுதான் 'கொலத்தூரா'. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 'டி.ஓ.பி.' என்ற காப்புப் பெயரைக் கொடுத்தது. நம் ஊரின் புவிசார் குறியீட்டுக்கு நிகரானது அது.

படகுகளும் வண்ணவீடுகளும் எந்த ஊரிலும் கிடைக்கும். சேத்தாராவில் பார்க்கவேண்டியது மீன் கரையேறிய பிறகு நடக்கும் வேலை. அந்த வேலை வருடம் முழுக்க ஒரேமாதிரி இருக்காது. அதனால் பயணத் தேதியை வெயில், விடுமுறை, விமானக் கட்டணம் ஆகியவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் மீனின் வருடத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கொலத்தூராவுக்கான மீனைப் பிடிப்பது மார்ச் 25 முதல் ஜூலை 22 வரை. இரண்டுமே தேவாலயத் திருநாள்கள்: முதலாவது மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள், இரண்டாவது மகதலேனா மரியாள் நாள். திருநாள் கணக்கு என்றாலும் காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. வசந்த காலத்து நெத்திலியில் கொழுப்பு குறைவு. கொழுப்பு ஏறிய மீனை உப்பில் நெடுநாள் வைத்தால் அந்த எண்ணெய் காறிப்போய்ச் சாறு முழுவதையும் கெடுத்துவிடும். எனவே ஏப்ரல் முதல் ஜூலை நடுப்பகுதிவரை போனால் மீன் வந்து இறங்குவதையும், உப்பிடும் பட்டறைகளில் தலை கிள்ளுவதையும் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம்வரை போனால் சாறு வடிப்பதைப் பார்க்கலாம். டிசம்பர் தொடக்கத்தில் ஊரிலேயே கொலத்தூரா விழாவும் நடக்கும். ஜூன் 29 புனித பேதுரு திருநாள். பேதுரு மீனவர் என்பதால் ஊருக்குப் பெரிய நாள் அதுதான். சிலையைத் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவருவார்கள், இரவில் வாணவேடிக்கை இருக்கும். அன்றைக்குத் தங்க இடம் வேண்டுமானால் பல மாதம் முன்பே பதிவு செய்யவேண்டும். ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். அந்த மாதம் கரை முழுவதும் குளிக்க வந்தவர்கள் கையில் இருக்கும், பட்டறையில் பீப்பாய்கள் மூடிக்கிடக்கும், சாலை நகராது.

மாதத்தைத் தேர்ந்த பிறகு திதியையும் பாருங்கள். இங்கே நெத்திலி பிடிப்பது இரவில், விளக்கு வெளிச்சத்தில். விளக்கைப் பார்த்து மீன் கூடவேண்டுமானால் கடல் இருட்டாக இருக்கவேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நிலா வெளிச்சம் எங்கும் பரவிக்கிடப்பதால் விளக்கின் ஈர்ப்பு குறைந்துவிடும். படகுகள் அப்போது துறையில் நின்று, வலை சீர்செய்யும் வேலை நடக்கும். மீன் இறங்குவதைக் காண நினைப்பவர் அமாவாசையை ஒட்டியும், வலை வேலையை நிதானமாகப் பார்க்க நினைப்பவர் பௌர்ணமியை ஒட்டியும் போகலாம். இரண்டுக்கும் மேலே காற்று இருக்கிறது. சாலேர்னோ வளைகுடா தென்மேற்கு நோக்கித் திறந்தது. அந்தத் திசையில் காற்று வலுத்தால் மீன்படகும் போகாது, பயணிகள் படகும் ஓடாது.

போகும் வழி எளிது. நாப்போலியிலிருந்து (நேப்பிள்ஸ்) சாலேர்னோவுக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம். சாதாரண ரயில் இன்னும் அதிக நேரம் எடுக்கும், கட்டணம் குறைவு. சாலேர்னோவிலிருந்து இரண்டு வழி. ஏப்ரல் முதல் அக்டோபர்வரை பயணிகள் படகு ஓடும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கொன்கோர்தியா துறையில் ஏறினால் கால்மணி, இருபது நிமிடத்தில் சேத்தாரா. ஆனால் எல்லாப் படகும் சேத்தாராவில் நிற்காது. நேரே அமால்ஃபிக்குப் போவதில் ஏறிவிட்டால் ஊரைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்துவிடுவீர்கள். சீட்டு வாங்கும்போதே ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு வழி, சாலேர்னோ முதல் அமால்ஃபிவரை போகும் சீத்தா நிறுவனப் பேருந்து, அரைமணி நேரம். சீட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையிலோ காப்பி பாரிலோ வாங்கி, ஏறியதும் பேருந்தில் உள்ள இயந்திரத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். பதிக்காத சீட்டுக்கும் அபராதம் உண்டு. போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும்.

திரும்பும் பேருந்துதான் தலைவலி. கோடை மாலையில் அமால்ஃபியிலேயே நிரம்பி வருவதால் சேத்தாரா நிறுத்தத்தில் ஏற இடமில்லாமல் போவது சாதாரணம். ஞாயிறும் விடுமுறை நாளும் வண்டி குறைவு. படகு ஓடும் பருவத்தில் போகும்போது பேருந்து, திரும்பும்போது படகு என்று வைத்துக்கொள்வது நல்லது. கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே துறையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுக்காதீர்கள். கரையோரமாகப் போகும் 163ஆம் எண் சாலை இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டிய அளவுக்குத்தான் அகலம். வியேத்ரி முதல் போஸிட்டானோவரை கோடையில் ஒற்றைப்படை, இரட்டைப்படை வண்டியெண் முறையும் உண்டு. அன்றைய தேதிக்கு அனுமதி இல்லாத எண்ணுள்ள வண்டி பகல்நேரத்தில் அந்தச் சாலையில் போகக்கூடாது. சேத்தாராவில் வண்டி நிறுத்தும் இடமும் மிகக் குறைவு. அதேபோல, "பக்கத்து ஊர்தானே" என்று அந்தச் சாலையோரம் நடக்கவும் வேண்டாம். பெரும்பகுதியில் நடைபாதையே கிடையாது, வளைவுக்கு அப்பால் வரும் வண்டி உங்களைப் பார்க்காது.

பேருந்து ஊரின் மேற்புறத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கடைத்தெரு ஒன்று நேரே கீழே கடலுக்கு இறங்கும். ஐந்து நிமிட நடை. இருபுறமும் உயரும் மலைச்சரிவில் படிப்படியாக எலுமிச்சைத் தோட்டங்கள். ஒருபக்கம் கூர்ந்து நீண்டிருக்கும் அமால்ஃபி எலுமிச்சை அது. வழியில் புனித பேதுரு தேவாலயம், அதன் குவிமாடத்தில் மெருகிட்ட வண்ண ஓடுகள். கடலோரத்தில் கனத்த கல் கோபுரம். கடற்கொள்ளைக்குக் காவலாக எழுப்பி, பின்னர் ஸ்பானிய ஆளுநர்கள் காலத்தில் பெரிதாக்கியது. இப்போது உள்ளே சிறிய அருங்காட்சியகம். 1534இல் உதுமானியக் கப்பல்கள் இந்த ஊரைத் தாக்கி ஏறத்தாழ 300 பேரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றதாக ஊர் வரலாறு சொல்கிறது. கோபுரத்தையும் கோயிலையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மீதி நேரம் துறைக்கு.

ஒரு இரவாவது தங்குங்கள். பகலில் வந்து பகலிலேயே போகிறவர்கள் கட்டிவைத்த படகுகளை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே மீன்பிடியெல்லாம் முடிந்துபோய்விட்டது" என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நெத்திலிப் படகு மாலையில் கிளம்பி விடியலில் திரும்பும். இரண்டு நேரத்துக்கும் நீங்கள் துறையில் இருக்கவேண்டும். ஆனால் நம் காசிமேடு போலப் பெரிய ஏலச்சந்தையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மீன் பெட்டிகளில் பனிக்கட்டியோடு இறங்கி, வண்டியேறி, பெரும்பகுதி வெளியே போய்விடும். எல்லாம் சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

துறையில் குவிந்துகிடக்கும் வலையைப் படிக்கத் தெரிந்தால் அங்கேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். கறுத்த, கண் மிகச் சிறிய வலை மலைபோலக் கிடந்தால் அது 'சான்சோலோ', நெத்திலிக்கான சுற்றுவலை. நாம் சுருக்குமடி என்று சொல்வதன் உறவுதான். மேல் விளிம்பில் வரிசையாக மிதவைகள், கீழ் விளிம்பில் ஈயம், ஈயத்தை ஒட்டி உலோக வளையங்கள். விளக்குப் படகு முதலில் போய் வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டும். பெரிய படகு அதைச் சுற்றி வலையை வட்டமாக இறக்கும். பிறகு வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால் அடிப்பக்கம் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும். நெத்திலி ஆபத்தை உணர்ந்தால் கீழ்நோக்கிப் பாயும் மீன், அதனால் அடிப்பக்கம் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறதோ அவ்வளவு மீன். கயிறு சிக்கினால் அந்த வீச்சு முழுவதும் வீண்.

மத்தியதரைக் கடலில் ஐரோப்பியப் படகுகளின் சுற்றுவலையில் கண் 14 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 9 சென்டிமீட்டருக்குக் குறைந்த நெத்திலியைப் பிடித்து விற்கக்கூடாது என்பது சட்டம். நம் கரையில் சண்டையும் வழக்குமாக நிற்கும் சுருக்குமடிப் பிரச்சினையை அறிந்தவர்களுக்கு இந்த அளவுகள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். கடைப்பெட்டியில் சுண்டுவிரலைவிடக் குட்டையான மீன் கிடந்தால் அதை வாங்காதீர்கள்.

விரித்த வலைமேல் கால் வைக்காதீர்கள், தாண்டியும் போகாதீர்கள். செருப்பின் கொக்கி ஒன்று போதும், பல கண்ணை அறுக்க. கட்டுக்கயிறுக்கும் படகுக்கும் இடையில் நிற்பது ஆபத்து. அலையேறும்போது கயிறு சட்டென்று விறைக்கும். வேலை செய்பவர்களைப் படமெடுக்குமுன் 'புவோன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

நெத்திலிப் படகைவிடப் பன்மடங்கு பெரிய எஃகுப் படகுகள் சில சமயம் கண்ணில்படும். அவை சூரைமீன் படகுகள். சேத்தாராவின் செல்வம் பல பத்தாண்டுகளாக அவற்றிலிருந்து வந்தது. ஊர்த்துறை சிறியதாகையால் அவை பெரும்பாலும் சாலேர்னோ துறைமுகத்தில்தான் நிற்கும். நீலத்துடுப்புச் சூரையைச் சுற்றுவலையால் பிடிக்க மத்தியதரைக் கடலில் மே 26 முதல் ஜூலை 1வரை மட்டும்தான் பொதுவாக அனுமதி, அதிலும் படகுவாரியாக ஒதுக்கீடு. பிடித்த மீனை உயிரோடு மிதக்கும் கூண்டுக்கு மாற்றி, மெதுவாக இழுத்துச் சென்று, மால்டா போன்ற இடங்களில் கொழுக்கவைத்து, பெரும்பகுதியை ஜப்பானுக்கு விற்கிறார்கள். சூரை வெட்டுவதை ஊரில் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வரவேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, பீப்பாய்க்கு வருவோம். உப்பிடும் பட்டறைகள் ஊருக்குள்ளேயே, கடைக்குப் பின்னால் சிறிய கல் அறைகளாக இருக்கும். கடைக்குள் நுழைந்து உடனே "காட்டுங்கள்" என்றால் நடக்காது. இரண்டு மூன்று நாள் முன்பே தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டால் பல இடங்களில் நேரம் ஒதுக்கிக் காட்டுவார்கள். பிற்பகல் ஒன்றரை முதல் நாலரைவரை கடைகள் பொதுவாக மூடியிருக்கும்; அந்த நேரத்தை விட்டுவிடுங்கள்.

பீப்பாயின் பெயர் 'தெர்சீன்யோ'. முழுப் பீப்பாயில் மூன்றில் ஒரு பங்கு என்ற பொருளில் வந்த பெயர். செஸ்ட்நட் அல்லது ஓக் மரத்தில் செய்தது. கரையேறிய அன்றே மீனின் தலையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி இழுப்பார்கள், குடலும் கூடவே வந்துவிடும். கத்தி கிடையாது. நம் வீடுகளில் நெத்திலி கிள்ளுவது போலவேதான். இதில் தாமதம் கூடாது. சூட்டில் கிடக்கும் நெத்திலியில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். ஒருமுறை உருவானால் உப்பாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு என்று வரும். உப்பிடும் பட்டறை துறைக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அடியில் கல்லுப்பு, அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி உப்பு. மீனை ஒன்றின் தலைப்பக்கம் அடுத்ததன் வாலுக்கு நேராக மாற்றி மாற்றி வைப்பார்கள். தலைப்பக்கம் தடிப்பு, வால்பக்கம் மெலிவு. மாற்றி வைத்தால்தான் அடுக்கு மட்டமாக நின்று பாரம் சமமாக இறங்கும். பொடியுப்பு உதவாது, அது மேற்பரப்பை மட்டும் சட்டென்று இறுக்கிவிடும். நிறைந்ததும் 'தொம்பான்யோ' என்ற வட்ட மரமூடியை உள்ளே இறக்கி, அதன்மேல் கடற்கற்களை ஏற்றுவார்கள். பக்குவம் இந்தக் கல்லில்தான் இருக்கிறது. பாரம் குறைந்தால் மீன் உப்புநீருக்கு மேலே வந்து, காற்றுப்பட்டு மஞ்சளித்துக் காறிவிடும். பாரம் கூடினால் மீன் நசுங்கிக் கூழாகும், சாறு கலங்கும். அதனால் முதலில் கனமாக வைத்து, மீன் இறுக இறுகக் கல்லைக் குறைத்துக்கொண்டே போவார்கள்.

உப்பு ஈரத்தை இழுக்க, மீன்நீர் மூடிக்கு மேலே ஏறி நிற்கும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடவேண்டும். பழைய முறையில் இந்த நீரைக் கண்ணாடிப் பாத்திரங்களில் சேர்த்து, வெயிலில் வைத்து வற்றவிட்டு, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ மறுபடி அதே பீப்பாய்களில் ஊற்றுவார்கள். அது பழுத்த மீன் அடுக்குகள் எல்லாவற்றின் வழியாகவும் மெல்ல இறங்கும். 'வ்ரியாலே' என்ற கைத்துளைக்கருவியால் பீப்பாயின் அடியில் ஒரு சிறிய துளை போட, அதன் வழியே துளித்துளியாகச் சாறு விழும். 'கொலாரே' என்றால் வடிதல். கொலத்தூரா என்ற பெயர் அதிலிருந்துதான். டி.ஓ.பி. விதிப்படி மீன் உப்பில் குறைந்தது 9 மாதம் இருந்திருக்கவேண்டும். பழைய முறையிலோ வசந்த காலத்து மீனின் சாறு அந்த டிசம்பரிலேயே, கிறிஸ்துமஸ் முந்தைய இரவின் இறைச்சியில்லா விருந்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

அமால்ஃபிப் பகுதித் துறவிகள் உப்பிட்ட மீனை இடைவெளி விட்ட பழைய பீப்பாயில் வைத்தபோது ஒழுகிய நீரைச் சேகரித்ததில் இது தொடங்கியது என்பது ஊர் வழக்கு. அதற்கும் வெகுகாலம் முன்பே ரோமானியர் 'காரும்' என்ற மீன்சாற்றை இதே கரையில் விற்றார்கள். அருகிலுள்ள பொம்பேயிக்குப் போவதாக இருந்தால் நினைவில் வையுங்கள்: அங்கே அவுலுஸ் உம்பிரிசியுஸ் ஸ்காவுருஸ் என்ற காரும் வியாபாரி தன் வீட்டுத் தரையில் காரும் ஜாடிகளையே மொசைக் படமாகப் பதித்திருந்தார். காரும் குடலோடு புளிக்கவைத்தது, கொலத்தூரா குடல் நீக்கியது. அதனால்தான் இது மெதுவாகப் பழுக்கிறது, நாற்றமும் குறைவு.

வாங்கும்போது லேபிளை முழுவதும் படியுங்கள். 'கொலத்தூரா தி அலிச்சி' என்று மட்டும் இருந்தால் போதாது. 'தி சேத்தாரா' என்ற ஊர்ப்பெயரும், சிவப்பு மஞ்சள் நிறத்தில் வட்டமான ஐரோப்பிய முத்திரையும் இருக்கவேண்டும். உட்பொருள் நெத்திலி, உப்பு இரண்டு மட்டும். நிறம் தேன்பழுப்பு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெளிவாக இருக்கும். ஊருக்கு வெளியே சுற்றுலாக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் உப்பிட்ட மீனின் ஊறல்நீர். உப்பு கரிக்கும், மணம் இருக்காது. ஒரு கடையில் முந்தைய வருடத்தையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு துளி சுவைக்கக் கேளுங்கள், தருவார்கள்.

கூடவே உப்பில் அடுக்கிய முழு நெத்திலியும் வாங்கலாம். தண்ணீரில் கழுவி, விரலால் இரண்டாகப் பிளந்து முள்ளை இழுத்து, ஐந்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவது. நெடுநேரம் ஊறப்போட்டால் பழுத்த சுவை தண்ணீரோடு போய்விடும். கண்ணாடி ஜாடிச் சூரை வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். லேபிளில் 'பின்னே ஜாலே' என்றிருந்தால் அது மஞ்சள்துடுப்புச் சூரை. அந்த மீன் மத்தியதரைக் கடலுடையது அல்ல, வெப்பக் கடல்களில் பிடித்து வந்தது. நம் இந்தியப் பெருங்கடல் மீனாகவே இருக்கலாம். உள்ளூர்ச் சூரை வேண்டுமானால் 'தொன்னோ ரோஸ்ஸோ' என்று இருக்கிறதா பாருங்கள்.

சாப்பாட்டுக் கடையில் தவறாமல் கேட்கவேண்டியது மூன்று. கொலத்தூரா ஸ்பகெட்டி. இரண்டு நெத்திலிக்கு நடுவே புகையிட்ட பாலாடைக்கட்டி வைத்து மாவில் பொரித்த 'அலிச்சி இம்பொத்தீத்தே'. காகிதக் கூம்பில் தரும் பொரித்த சிறுமீன், அதற்குப் பெயர் 'குவோப்போ'. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை நெத்திலியும் கிடைக்கும். அனிசாக்கிஸ் என்ற புழு காரணமாக, பச்சையாகப் பரிமாறும் மீனை முதலில் மைனஸ் 20 டிகிரியில் 24 மணிநேரம் உறையவைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அந்தப் புழுவைக் கொல்லாது. வீட்டு உறைபெட்டி அவ்வளவு குளிராது என்பதால் வீட்டில் செய்தால் நான்கு நாள் உறையவைக்கவேண்டும்.

முழு மீன் கேட்டால் விலைப்பட்டியலில் 'எத்தோ' என்ற சொல்லைத் தேடுங்கள். அது 100 கிராமுக்கான விலை. 6 யூரோ என்று பார்த்து மகிழ்ந்து 800 கிராம் மீனைச் சொன்னால் 48 யூரோ வரும். சமைக்குமுன் எடைபோட்டுத் தொகை சொல்லச் சொல்வது அங்கே மரியாதைக்குறைவு அல்ல. 'கொப்பேர்த்தோ' என்று தலைக்கு ஒரு சிறு தொகை பில்லில் சேரும், ஏமாற்று அல்ல. மீன் சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் கீரை, உருளைக்கிழங்கு மேலும் கொலத்தூரா விழுந்திருக்கும்.

வீட்டில் செய்ய, நான்கு பேருக்கு: ஸ்பகெட்டி அல்லது லிங்குவீனே 400 கிராம், கொலத்தூரா 4 மேசைக்கரண்டி, நல்ல ஆலிவ் எண்ணெய் 6 முதல் 8 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், காய்ந்த மிளகாய் ஒன்று, பார்ஸ்லி ஒரு கைப்பிடி. பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பே போடாதீர்கள். கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: பழக்கத்தில் உப்புப் போட்டுவிட்டால் பிறகு கொலத்தூராவைக் குறைக்கவேண்டிவரும், குறைத்தால் மணம் இல்லை. அகலமான கிண்ணத்தில் எண்ணெய், நசுக்கிய பூண்டு, கிள்ளிய மிளகாய், நறுக்கிய பார்ஸ்லி, கொலத்தூரா எல்லாவற்றையும் பச்சையாகக் கலந்து, தண்ணீர் கொதிக்கும் நேரம்வரை ஊறவிடுங்கள். பாஸ்தாவை நடுவில் சிறிது கடிபடும் பதத்தில் எடுத்து, வெந்த நீர் இரண்டு மூன்று கரண்டியோடு கிண்ணத்தில் போட்டு, எண்ணெயும் நீரும் சேர்ந்து குழைந்து ஒட்டும்வரை கிளறுங்கள். பூண்டை எடுத்துவிட்டுப் பரிமாறலாம்.

கொலத்தூராவை அடுப்பில் ஏற்றக்கூடாது. சூடான வாணலியில் ஊற்றினால் மணம் ஆவியாகப் போய், உப்பும் மீன்வாடையும் மட்டும் மிஞ்சும். பாலாடைக்கட்டி தூவவும் வேண்டாம். முதல்முறை செய்பவர்கள் 3 கரண்டியில் தொடங்கி, சுவைத்துப் பார்த்து நான்காவதைச் சேருங்கள். பீப்பாய்க்குப் பீப்பாய் உப்பின் அளவு மாறும்.

ஊர் திரும்பும்போது கைப்பையில் கொண்டுவருவதானால் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேற்படாத குப்பியாக, திரவங்களுக்கான ஒளிபுகும் பையில் வைக்கவேண்டும். பெட்டியில் போடுவதே மேல். மூடியைச் சுற்றி நெகிழித்தாள் இறுக்கி, இரண்டு பைகளுக்குள் வையுங்கள். ஒரு துளி கசிந்தாலும் துணி முழுவதும் வாடை பிடிக்கும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, வெளிச்சம் படாத இடம் போதும். நாள்பட அடியில் கற்கண்டு போல உப்புப் படிகம் தங்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். மேலே உள்ள சாற்றை மெதுவாகச் சாய்த்து எடுத்துக்கொண்டால் போதும்.